மேல் பஞ்சமம்

"எனக்கு ஒரு மைக் வேணும்."

அன்னக்கொடி இதைச் சொன்னபோது வக்கீல் சொக்கலிங்கம் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார், ஆற்றுவதை நிறுத்தவில்லை. அவர் மனைவி மங்கையர்க்கரசி, மகள் ஞாயிற்றுக்கிழமை கச்சேரிக்குக் கட்ட வேண்டிய பட்டுப்புடவைகளைக் கட்டிலில் விரித்துப் போட்டு எதை எடுப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார்; அவர் கை ஒரு கரையின்மேல் அப்படியே நின்றது. கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்த மகள் திலகவதி, டம்ளருக்குள்ளேயே பார்த்தாள்.

கேட்கவே கூடாது என்று ஐந்து வருஷத்துக்கு முன்பே சொல்லிவைத்த விஷயம் அது. முதன்முதலாக அன்னக்கொடி தம்புராவைத் தூக்கிக்கொண்டு திலகவதிக்குப் பின்னால் மேடையேறிய நாளில், அவள் முந்தானையை இழுத்துச் சரிசெய்துவிட்டு மங்கையர்க்கரசி சொன்னார்: "அன்னம், மேடையில எது வேணும்னாலும் கேளு. தண்ணி கேளு, விசிறி கேளு. மைக்கு மட்டும் கேக்காத. பின்னால உக்காந்து தம்புரா போடுறவங்களுக்கு மைக் வைக்கிறது நம்ம பக்கம் வழக்கமில்ல." அன்னக்கொடியும் தலையாட்டினாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. மேடையில் உட்காரக் கிடைத்ததே பெரிய காரியம் என்று நினைத்த வயது.

"தம்புராவுக்கு எதுக்கும்மா மைக்?" என்றார் வக்கீல். "சுருதி ஹால் பூரா நல்லாத்தானே கேக்குது?"

"தம்புராவுக்கு இல்ல சார். எனக்கு."

அன்னக்கொடியும் திலகவதியும் ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பில் சங்கீதம் படித்தவர்கள். திலகவதி நாலு வயதிலிருந்து வீட்டுக்கே வாத்தியார் வந்து சொல்லிக்கொடுத்துப் படித்தவள். அன்னக்கொடி வரலாறு கேட்டு விண்ணப்பம் போட்டு, வரலாற்றில் இடம் இல்லையென்று ஆனபிறகு, பள்ளிக்கூடத்துக் கடவுள் வாழ்த்தைப் பாடிக்காட்டிச் சங்கீதத்தில் சேர்ந்தவள். அவள் வீட்டில் அதற்குமுன் யாரும் எட்டாவது தாண்டியதில்லை. வாடிப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் நெல்லும் கடலையும் போட்டுக்கொண்டிருந்த அவள் அய்யா கருத்தக்கண்ணன், "பாட்டுப் படிக்கவா பஸ்ஸேறிப் போற? நம்மூர்ல படிக்காமலே பாடுறாகளே" என்று சிரித்தாரே தவிர, போகாதே என்று சொல்லவில்லை. பட்டம் வாங்கியபின் செல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை கிடைத்தது. குடியிருக்கக் கிடைத்தது விசைத்தறிக் கொட்டகையை ஒட்டிய ஓர் அறை. தறிச் சத்தத்துக்கு மேலே தன் குரல் தனக்குக் கேட்க வேண்டுமென்று பாடிப் பாடி, ஏற்கெனவே பெரிய குரல் இன்னும் பெரிதாகிவிட்டிருந்தது.

திலகவதியின் குரலும் நல்ல குரல்தான். பொய் சொல்லக் கூடாது. நடு ஸ்தாயியில் அவள் நின்று பாடினால் விசிறியை நிறுத்தச் சொல்லிக் கேட்பார்கள். மேலே போகப் போகத்தான் மெலியும். மேல் காந்தாரம் வரை தாக்குப்பிடிப்பாள். அதையும் தாண்டிப் பஞ்சமத்தில் போய் நிற்க வேண்டுமென்றால் நூல் அறுந்துவிடும். அந்த இடம் வரும்போது தலையை ஒரு விரற்கடை இடப்பக்கம் திருப்புவாள். இடது தோளை ஒட்டிப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அன்னக்கொடி பஞ்சமத்தைப் பிடித்துக்கொள்வாள். திலகவதியின் மைக்கே அதையும் வாங்கிக்கொள்ளும், கொஞ்சம் தள்ளியிருந்து வருவதுபோல. திலகவதி வாயைத் திறந்தபடி கையை உயர்த்திக்கொண்டிருப்பாள். கேட்பவர்களுக்கு ஒரே குரல். 'மேல் ஸ்தாயியில் இந்த இளம் பாடகியின் குரல் தொலைவில் ஒலிக்கும் ஆலயமணி போலாகிவிடுகிறது' என்று ஒரு பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். வக்கீல் அதைச் சட்டம்போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். அதற்கு அடியில் உட்கார்ந்துதான் அன்னக்கொடி இப்போது மைக் கேட்டாள்.

"இத்தன நாள் இல்லாம இப்ப என்னம்மா?" மங்கையர்க்கரசியின் குரல் தணிந்தே வந்தது.

"ஞாயித்துக்கெழம எங்கய்யா வாராரு."

அதுதான் காரணம். அறுப்பு முடிந்துவிட்டது, பொங்கலும் முடிந்துவிட்டது, இப்போதாவது மகள் பாடுவதைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டு கருத்தக்கண்ணன் வரப்போகிறார். பொங்கலுக்குப் போயிருந்தபோது, "நீ பாடுறது எனக்குத் தனியாத் தெரியுமாத்தா?" என்று கேட்டார். வெள்ளந்தியாகத்தான் கேட்டார். தெரியும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

"வரட்டுமே. முன்னால எடம் போட்டு உக்கார வைப்போம்" என்றார் மங்கையர்க்கரசி. "நீ நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி அன்னம். நம்ம வீட்டுப் பொண்ணு இப்படிக் கேப்பாளா?"

"ஒங்க வீட்டுப் பொண்ணுக்கு முன்னாலயே மைக் இருக்கேம்மா. அவ எதுக்குக் கேக்கணும்?"

திலகவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெந்நீர் புரையேறியது. வக்கீல் டம்ளரைக் கீழே வைத்தார். "சரி, பார்ப்போம்" என்றார். அவர் பார்ப்போம் என்றால் வாய்தா என்று அர்த்தம். இவர் வாங்கிய வாய்தாவிலேயே மனுதாரர் செத்துப்போன வழக்கெல்லாம் உண்டு என்று கோர்ட்டில் சொல்வார்கள்.

தை மாதம் மூன்று நாள் நடக்கும் இசைவிழாவுக்கு வக்கீல்தான் செயலாளர். வெள்ளி, சனி வெளியூர்க்காரர்கள். ஞாயிறு சாயங்காலம் திலகவதி. சேர்ந்து சாதகம் செய்ய வசதியாக அந்த மூன்று நாளும் அன்னக்கொடி தெப்பக்குளத்துக்குப் பக்கத்திலிருந்த வக்கீல் வீட்டில் தங்குவது வழக்கம். சாயங்காலம் கச்சேரி, விடிகாலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடை, வந்து சாதகம், சாப்பாடு, தூக்கம், மறுபடியும் கச்சேரி. வருஷத்தில் வேறெந்த நாளும் அவளுக்கு இப்படி வாய்ப்பதில்லை. கோபமாக இருக்கிறோம் என்பதற்காக அதைக் கெடுத்துக்கொள்ள அவள் தயாராக இல்லை. கோபம் அதுபாட்டுக்கு இருக்கட்டும். சங்கீதம் அதுபாட்டுக்கு இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை வயலின் கச்சேரி. பெண்கள் பக்கம் ஆறாவது வரிசையில் உட்கார்ந்தாள். ஐந்து வருஷமாகக் கச்சேரி என்றாலே அவளுக்கு ஒரு முதுகு, ஒரு பின்னல், அதில் தொங்கும் பூ. முன்னாலிருந்து கேட்பதே மறந்துபோயிருந்தது. வயலின்காரர் தோடி ராகத்தை எடுத்துக்கொண்டு அவசரமே இல்லாமல் இழைத்தார். ஒரே இடத்தை நாலு தரம் தொட்டார், நாலு தரமும் வேறு வேறாகத் தொட்டார். பக்கத்தில் இருந்த அம்மாள் தாளத்தைத் தப்புத் தப்பாகப் போட்டுக்கொண்டு, "ஆஹா, ஆஹா" என்றார். எதிர்வரிசையில் ஒருவர் குறட்டை விட்டார். குறட்டை ஏறத்தாழ சுருதியோடு இருந்தது. மிருதங்கக்காரரின் தனியாவர்த்தனம் தொடங்கியதும் பாதிப்பேர் காப்பி குடிக்க எழுந்துபோனார்கள். அன்னக்கொடி எழவில்லை. கச்சேரி முடிந்தபோது கால் மரத்துப்போயிருந்தது. அதுவும் நன்றாகவே இருந்தது.

சனிக்கிழமை விடிவதற்குள் இருவரும் நடக்கக் கிளம்பினார்கள். தெப்பத் திருவிழாவுக்காகக் குளத்தில் தண்ணீர் விட்டிருந்தார்கள். நடுவிலிருக்கும் மைய மண்டபம் பனிக்குள் பாதிதான் தெரிந்தது. குல்லாயும் கம்பளிச் சட்டையும் போட்ட பெரியவர்கள் எதிரே வந்தார்கள். திலகவதியைப் பார்த்ததும், "நாளைக்கு நம்ம பொண்ணு கச்சேரியில்ல?" என்று நின்றார்கள். திலகவதி கும்பிட்டாள். அன்னக்கொடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கும்பிடு தன் பக்கம் திரும்பாது என்று தெரிந்தவள் அப்படித்தான் நிற்பாள்.

"ஒனக்கு வாய் நீளம்டி" என்றாள் திலகவதி, அவர்கள் போனதும். "நேத்து அம்மா அப்புறம் சாப்பிடவே இல்ல."

"ராத்திரி மூணு தோசை சாப்பிட்டாங்க. நான்தான் பரிமாறுனேன்."

"அது பசிக்கு. மனசுக்குச் சாப்பிடல."

"ஒங்க வீட்ல மனசுக்கு வேற தட்டா?"

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபின் திலகவதி நடையைக் குறைத்தாள். மப்ளரை வாய்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அன்னம், நாளைக்கு மெட்ராஸ்லருந்து ஒரு சபாக்காரர் வர்றாரு. பிடிச்சிருந்தா டிசம்பர் சீசன்ல ஒரு எடம் தருவாரு. அப்பா ரெண்டு வருஷமா எழுதிப்போட்டு வர வச்சிருக்காங்க."

"நல்லதுதானே."

"ஒனக்கு மைக் வெச்சா ரெண்டு குரல்னு தெரிஞ்சுபோகும்டி. மேல நிக்கிறது நான் இல்லன்னு தெரிஞ்சுபோகும்."

இதுவரை யாரும் இதை வாயால் சொன்னதில்லை. வழக்கமில்லை, தம்புராவுக்கு எதற்கு, பார்ப்போம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். சொல்லிவிட்டாளே என்று அன்னக்கொடிக்கு அவள்மேல் ஒரு மரியாதைகூட வந்தது.

"தெரிஞ்சா என்ன? சிஷ்யை, சிநேகிதி, யாரோ ஒருத்தி கூடப் பாடுறான்னு நெனைப்பாங்க. கூடப் பாடுறது குத்தமா?"

"குத்தமில்ல. ஆனா அவங்க என்னக் கேக்க வர்றாங்க."

"எங்கய்யா என்னக் கேக்க வாராரு."

"அவருக்கு என்னடி தெரியப்போகுது, எது பஞ்சமம் எது காந்தாரம்னு?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எதிரே நாய் ஒன்று படியில் இறங்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. இருவரும் அது குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். அன்றைக்குச் சாதகத்தில் காம்போதியை எடுத்துக்கொண்டார்கள். மேல் பஞ்சமம் வந்தபோது திலகவதி தலையைத் திருப்பினாள், அன்னக்கொடி பாடினாள். பழக்கம்.

சனிக்கிழமை சாயங்காலம் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் பாடினார். கறுத்த, குட்டையான அம்மாள். பட்டுப்புடவையைக் கொடியில் கிடந்ததுபோல் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் ஒல்லியாக ஒரு பெண் தம்புராவோடு உட்கார்ந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு மைக் இருந்தது.

அன்னக்கொடி முதலில் அதைத்தான் பார்த்தாள். பிறகு அம்மாள் பாடத் தொடங்கியதும் அதை மறந்துபோனாள். அந்த அம்மாளுக்குக் குரலில் பாதிதான் மிச்சமிருந்தது. மிச்சமிருந்த பாதியை வைத்துக்கொண்டு அவர் பைரவியைப் பாடிய விதத்தில், போன பாதியைப் பற்றி யாருக்கும் நினைப்பு வரவில்லை. எட்டாத இடம் வந்தபோது அவர் அப்படியே நிறுத்தி, உடம்பையே திருப்பி, பின்னாலிருந்தவளைப் பார்த்து, "நீ சொல்லு" என்றார். மைக்கில் கேட்டது. அந்தப் பெண் பாடினாள். கொஞ்சம் பயந்துதான் பாடினாள். அம்மாள் தொடையில் தட்டி, "பேஷ்" என்றுவிட்டு அவள் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு போனார். சபையில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அன்னக்கொடிக்கு இடதுபக்கத்து அம்மாள், "ரெண்டுபேரும் என்னமா பாடுறாங்க" என்றார்.

முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் போனாள். மைக் செட் தவசி ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பின்னால மைக் வைக்கச் சொன்னது யாரு? செயலாளரா?"

"அந்த அம்மாதான் சொன்னாக. வந்ததும் மொத வேலையா, என் பிள்ளைக்கு ஒண்ணு வையின்னாக. வச்சேன்."

"அப்ப நாளைக்கு எனக்கு ஒண்ணு வைப்பீங்களா?"

தவசி அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஐந்து வருஷமாகப் பார்க்கிற முகம். "எங்கிட்ட ஸ்டாண்டுக்கா பஞ்சம்? பாடுறவுக ஒரு வார்த்தை சொல்லணும். அவுக சொல்லாம நான் வச்சா, வக்கீலய்யா என்னைய ஒயரோட சுருட்டி வெளிய போட்ருவாரு தாயி."

ஆக வழக்கம் என்பது இவ்வளவுதான். பாடுகிறவள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சட்டமும் இல்லை, சாத்திரமும் இல்லை. பாடுகிறவள் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை. வக்கீலிடம் கேட்டதே தப்பு. ஆள் மாறிக் கேட்டிருக்கிறோம் என்று அன்னக்கொடிக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அவள் யாரையும் எழுப்பாமல் நடக்கக் கிளம்பினாள். ஆனால் தெருமுனைக்குப் போவதற்குள் திலகவதி செருப்பை மாட்டியும் மாட்டாமலும் ஓடிவந்து சேர்ந்துகொண்டாள். தெப்பக்குளத்தைச் சுற்றாமல் வைகைக் கரைப் பக்கம் நடந்தார்கள். ஆற்றில் ஓரமாக ஒரு கால்வாய் அளவுக்குத் தண்ணீர் போனது. வண்ணார்கள் துறையில் துணியை அடிக்கும் சத்தம் அந்தக் கரையிலிருந்து ஒரு கணம் தாமதித்து வந்தது. கை மேலே போன பிறகுதான் அடி காதில் விழுந்தது. மணலில் நடந்தால் மூச்சுக்கு நல்லது என்று திலகவதிக்கு டாக்டர் சொல்லியிருந்தார். அன்னக்கொடிக்கு எந்த டாக்டரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவளுக்கு மணலில் நடக்கப் பிடிக்கும், அவ்வளவுதான்.

"திலகம், சாயங்காலம் தவசி அண்ணன்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னா வச்சிருவாரு. ஒங்கப்பாவைக் கேக்க வேண்டியதில்ல."

திலகவதி மணலைக் காலால் எத்திக்கொண்டே வந்தாள். "மெட்ராஸ்காரர் வர்ற அன்னைக்கா?"

"எங்கய்யா வர்ற அன்னைக்கு."

"அடுத்த மாசம் திருச்சிக் கச்சேரியில வச்சுக்குவோம்டி. சத்தியமா."

"எங்கய்யா திருச்சிக்கு வர மாட்டாரு. இன்னைக்குச் சொல்லு. சொல்லலன்னா நான் தம்புரா மட்டும் போடுவேன். மேல பாட மாட்டேன். இப்பவே சொல்லிப்புட்டேன். அப்புறம் மேடையில வச்சுக் கழுத்தறுத்துட்டேன்னு சொல்லக் கூடாது. வேணும்னா காம்போதிய விட்டுட்டு வேற எடு."

திலகவதி நின்று அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். நிஜமான சிரிப்பு.

"நீ பாடாம இருந்திருவியா? போன வருஷம் விருதுநகர்ல காய்ச்சல் நெருப்பாக் கொதிக்கிறப்ப, வேணாம்டீன்னு சொல்லியும் பாடுனவதானே. சுருதி காதுல விழுந்தா ஒனக்கு வாய் தன்னால தொறந்துக்கும். அது ஒன் கையில இல்ல."

அதில் உண்மை இல்லாமல் இல்லை. அதனால்தான் அன்னக்கொடிக்குச் சுருக்கென்றது. உப்பைப் போல, தண்ணீரைப் போல, கேட்காமலே கிடைக்கிற பொருளாகத் தன் குரலை இவர்கள் கணக்கில் வைத்துவிட்டார்கள் என்று பட்டது. வெயில் மணலில் இறங்குவதற்குள் அவளுக்குள் எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. இன்றைக்கு மைக் வைத்தால் பாடுவது, வைக்காவிட்டால் வாயைத் திறப்பதில்லை. எப்படியானாலும் இந்த முதுகுக்குப் பின்னால் உட்காருவது இதுதான் கடைசி. முடிவெடுத்ததுபோல்கூட இல்லை. கால் வலித்தால் செருப்பைக் கழற்றுவதுபோல இருந்தது. வரும் வழியில் இருவரும் இட்லிக் கடையில் நின்று டீ குடித்தார்கள். திலகவதிதான் காசு கொடுத்தாள். நேற்றைக்குக் கேட்ட பைரவியைப் பற்றித்தான் வீடுவரை பேசிக்கொண்டு வந்தார்கள்.

கருத்தக்கண்ணன் மத்தியானமே மண்டபத்துக்கு வந்துவிட்டார். சலவை வேட்டி, சட்டைப்பையில் சீப்பு, கையில் ஒரு மஞ்சள் பை. பையில் வக்கீல் வீட்டுக்கென்று பச்சைக் கடலை இருந்தது. சொன்னபடியே மங்கையர்க்கரசி அவரை முன்னால், மெட்ராஸ்காரருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்காரவைத்தார். அவர் மெட்ராஸ்காரருக்கும் கொஞ்சம் கடலை கொடுத்தார். மெட்ராஸ்காரர் வாங்கி ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார்.

மேடையில் தவசி மைக்குகளை வைத்தார். பாடுகிறவளுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு ஒன்று. அன்னக்கொடி தம்புராவை மடியில் கிடத்திச் சுருதி சேர்த்தாள். அந்த வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. தந்திகளுக்கு அடியிலிருக்கும் ஜீவாளி நூலை நகர்த்தி நகர்த்தி, நாலு தந்தியும் ஒன்றுக்குள் ஒன்று கரைகிற வரையில் விடவில்லை. திரை தூக்குவதற்கு முன் திலகவதி திரும்பி, "எல்லாம் சரியாடி?" என்றாள்.

"தவசி அண்ணன் அங்கதான் நிக்கிறாரு" என்றாள் அன்னக்கொடி.

திலகவதி அந்தப் பக்கம் பார்த்தாள். வாயைத் திறந்தாள்கூட. அதற்குள் வக்கீல், "ஆரம்பிக்கலாம்மா, அவரு வந்து அரைமணி நேரமாச்சு" என்றார். அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். திரை மேலே போனது.

முதலில் எடுத்த வர்ணம் நன்றாக இருந்தது. அடுத்த இரண்டு கீர்த்தனைகளும் நன்றாக இருந்தன. பிறகு காம்போதியை எடுத்தாள். வேறு எடு என்று காலையில் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்திருக்காது. இருந்தாலும் பயந்திருக்க மாட்டாள். கீழிருந்து ஒவ்வொரு படியாகக் கட்டிக்கொண்டு வந்தாள். மேல் ஷட்ஜத்தில் நின்றாள். காந்தாரத்தைத் தொட்டாள். சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆலயமணியைக் கேட்க வந்தவர்கள். திலகவதி கையை உயர்த்தினாள். தலையை ஒரு விரற்கடை இடப்பக்கம் திருப்பினாள்.

பஞ்சமம் அன்னக்கொடியின் தொண்டைவரை வந்து நின்றது. வாய் தன்னால் திறக்கும் என்று திலகவதி சொன்னது பொய்யில்லை. தாடை தளர்ந்தே விட்டது. பல்லைக் கடித்தாள். எதிரே, முன்வரிசையில், அவள் அய்யா கழுத்தை நீட்டிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பாடினால் இவருக்குக் கேட்கும். யாருடையது என்றுதான் தெரியாது. பாடாவிட்டால் கேட்கவும் கேட்காது. விரல் தந்திகளில் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. தம்புராவின் முதல் தந்தி பஞ்சமம். அது மட்டும் கீழே தன்பாட்டுக்கு ஒலித்தது.

திலகவதியின் தலை இன்னொரு விரற்கடை திரும்பியது. காதோரம் வியர்த்திருந்தது. கை உயர்ந்தபடியே இருந்தது. பிறகு அந்தக் கை மெல்ல இறங்கியது. காந்தாரத்திலிருந்தே வளைந்து, ஒன்றும் நடக்காததுபோல் கீழே இறங்கினாள். வயலின்காரர் அனுபவசாலி, விட்ட இடத்தை ஒரே வில்லிழுப்பில் மூடிவிட்டார். சபையில் யாரோ சொக்கிப்போய், "ச்ச்ச்" என்று சப்புக்கொட்டினார்கள். உடனே கைதட்டல் வந்தது. பலத்த கைதட்டல்.

அன்னக்கொடிக்குச் சிரிப்பு வரப்பார்த்தது. மிச்சக் கச்சேரியை அமைதியாகக் கேட்டாள். திலகவதி அதற்குப்பின் மேலே போகவேயில்லை. நடுவிலேயே நின்று பாடினாள், தன் வீட்டுக்குள் நடமாடுவதுபோல. இந்த ஐந்து வருஷத்தில் அவள் இவ்வளவு நன்றாகப் பாடி அன்னக்கொடி கேட்டதில்லை. பொய் சொல்லக் கூடாது.

கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் கூட்டம் நெருக்கியடித்தது. மெட்ராஸ்காரர் வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டு, "பக்குவம் வந்துடுத்து சார். சின்ன வயசுல எல்லாரும் மேல போய்ப் பஞ்சமத்தப் புடிச்சுண்டு நிப்பா. இவ போகாம வந்தா பாருங்கோ, அதான் அழகு. டிசம்பருக்கு எழுதறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது ஒரு கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

கூட்டம் வடிந்ததும் மங்கையர்க்கரசி கதவைச் சாத்தினார்.

"உண்ட வீட்டுல இப்படிச் செய்யலாமா அன்னம்?"

"காலையிலேயே சொல்லிட்டுத்தாம்மா செஞ்சேன். ஒங்க மகளக் கேளுங்க."

திலகவதி மூலையில் உட்கார்ந்து வளையலைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "சொன்னா" என்றாள். "நான்தான் நம்பல." பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "கண்ணு இருட்டிருச்சுடி எனக்கு."

"பார்த்தேன்."

"பார்த்துக்கிட்டே சும்மா இருந்தல்ல?"

"ஆமா."

வக்கீல் நடுவில் புகுந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. டிசம்பர் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் தாராளமாக இருந்தார். "விடும்மா. நீ பாடாமலே நல்லாத்தான் போச்சு. சரி, வீம்பு வேணாம். அடுத்த மாசம் திருச்சியில ஒனக்கு ஒரு மைக் வைக்கச் சொல்றேன். நானே சொல்றேன். இப்பத் திருப்தியா?"

"வேணாம் சார்."

"ஏம்மா, அதத்தானே கேட்ட?"

"வெள்ளிக்கெழம கேட்டேன். நான் பாடாமலே நல்லாத்தான் இருந்துச்சுன்னு நீங்களே சொல்றீங்க. எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. தம்புரா போட ஒரு ஆளு போதும். வேற ஆளாப் பாத்துக்கங்க." தம்புராவை உறைக்குள் போட்டு, முடிச்சிட்டு, சுவரில் பத்திரமாகச் சாய்த்துவைத்தாள். "திலகம், இன்னைக்கு நல்லாப் பாடுன. நெசமாத்தான் சொல்றேன். இப்படியே பாடு."

திலகவதி வளையலைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். வரமாட்டாயா என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் பதில் மாறியிருக்காது. அது அவளுக்கும் இந்தத் தடவை தெரிந்திருந்தது.

கதவுக்கு வெளியே கருத்தக்கண்ணன் காலிப் பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அம்புட்டுப் பேரும் கை தட்டுனாக. நீ வாயே தொறக்கலையேத்தா? நான் ஒன்னையவேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"இன்னைக்கு நான் பாடலய்யா."

"ஊர்ல கேட்டா என்னன்னு சொல்ல?"

"பாடலன்னு சொல்லுங்க."

"அம்புட்டு நேரமும் கம்பியத் தடவிக்கிட்டே இருந்தியே, கை நோகலையா?"

"நொந்துச்சு."

அவர் பையை மறு அக்குளுக்கு மாற்றினார். "அப்ப எப்பத்தான் பாடுவ?"

"தெரியலய்யா. எங்கனயாச்சும் நானே முன்னால உக்காந்து பாடுறப்ப ஆளனுப்புறேன். வாங்க, ஒங்களுக்கு வாடிப்பட்டி பஸ் போயிரும்."

உள்ளேயிருந்து மங்கையர்க்கரசி, "அன்னம், சாப்பிட்டுட்டுப் போம்மா, இலை போட்டாச்சு" என்று கூப்பிட்டார். கருத்தக்கண்ணன் திரும்பிப் பார்த்துத் தயங்கினார். அன்னக்கொடி அதற்குள் வாசல்படி இறங்கி, ரிக்‌ஷாக்களுக்கு நடுவே புகுந்து, தெருவில் நடந்துகொண்டிருந்தாள்.